தலவாக்கலைன்னு ஒரு தொகுதி இருந்துச்சா? தாத்தா சொன்னது நெஜமா?

கூடலூர்ப் பேத்தி:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க தாத்தா சிலோன்ல பொறந்தவரு. 1971ல குடும்பத்தோட கப்பல்ல ராமேஸ்வரம் வந்து எறங்கி, மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் கெடந்து, அப்புறம் கூடலூர் பக்கம், இப்ப டான்டீன்னு சொல்றோமே அந்த கவர்மென்ட் தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு வந்தவரு. 2009ல தவறிட்டாரு.

எலக்‌ஷன் வந்தா போதும், மனுஷன் ஒரே கதைய ஆரம்பிச்சிருவாரு. "நான் தலவாக்கலை தொகுதில சிவிக்கு ஓட்டுப் போட்டவன், வெள்ளக்காரன் இருக்கும்போதே போட்டவன்"னு. வெடியக்காலம் எந்திரிச்சு குளிச்சு, கல்யாணத்துக்கு எடுத்த சட்டைய போட்டுக்கிட்டு, லயத்து (தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடு) ஆளுங்க எல்லாம் வரிசையா ஒத்தையடிப் பாதைல எறங்கிப் போனாங்களாம், பாட்டி மாத்திரம் அஞ்சு மாசம்ங்கறதால மெதுவா வந்தாங்களாம். இத நாங்க சின்னதுல நூறு தடவ கேட்டிருப்போம். சிவின்னா எனக்கு வேலைக்கு அனுப்புற சிவி தான் ஞாபகம் வரும், அத சொல்லி அவர கிண்டல் பண்ணிருக்கேன், இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு.

இப்ப விஷயம் என்னன்னா எங்க சித்தப்பா பையன் குடும்ப வரலாறு எழுதுறேன்னு ஒக்காந்திருக்கான். அவன் தேடிப் பாத்துட்டு நுவரெலியா மாவட்டத்துல மொத்தம் நாலே தொகுதி தான், நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை, தலவாக்கலைன்னு எதுவுமே இல்லங்கறான். எங்க மாமா வேற, தோட்டத்து ஆளுங்களுக்கு அங்க ஓட்டே கெடையாது, அதனால தான நம்மள கப்பல் ஏத்துனாங்க, வயசான காலத்துல தாத்தா இங்க போட்ட ஓட்டையும் அதையும் கலந்து சொல்லிருப்பாருன்னு சொல்றாரு. இன்னொரு கொழப்பம், தாத்தா "காங்கிரஸ்"னு சொல்வாரு. நான் இவ்ளோ நாளா காமராஜர் காங்கிரஸ்னே நெனச்சிட்டிருந்தேன், ஆனா சிலோன்ல எப்படி காங்கிரஸ்? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.


வட்டகொடை வாத்தியார்:

மகள், உங்க தாத்தா ஒண்ணையும் கலக்கல. ஒவ்வொரு சொல்லும் சரி. மாமா சொல்றதும் பாதி சரி, அது எப்படின்னு கீழ வாரேன்.

நான் தலவாக்கலைக்கு பக்கத்து ஸ்டேஷன் வட்டகொடை. தோட்டப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு ஓய்வு பெற்றவன், இந்தக் கதைய எங்க அப்பா வாயால கேட்டவன். தலவாக்கலைன்னு ஒரு தேர்தல் தொகுதி இருந்திச்சு, 1947 ஓகஸ்ட்-செப்டம்பர்ல நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலுக்கு உண்டாக்கினது, 1960 மார்ச் தேர்தலோட இல்லாம போயிருச்சு. பக்கத்திலயே கொட்டகலைன்னு இன்னொரு தொகுதி, அதுக்கும் அதே பொறப்பு அதே சாவு. இன்னைக்கு கொட்டகலைய ரயில்ல தாண்டுறதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகாது, அந்த ஊருக்குன்னு பாராளுமன்றத்தில ஒரு கதிரை, அதாவது ஒரு எம்.பி இடம், இருந்ததுன்னா எங்க பிள்ளைகளே நம்புறதில்ல.

சிவின்னா சி.வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரை தோட்டத்தில 1914ல பொறந்தவர், எங்க பக்கத்து மனுஷன். கவிஞர். இங்கிலீசில எழுதுவார், தமிழ்லயும் எழுதுவார், லயத்து லயமா போய் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க பாடுற பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாத்தையும் கேட்டு எழுதி வச்ச மனுஷன். அவர் தான் 1947ல தலவாக்கலைக்கு எம்.பி. அது மட்டுமில்ல மகள், அந்தத் தொகுதியோட ஆயுசு முழுக்க தோட்டத்து சனம் ஓட்டுப் போட்டு தெரிவு செஞ்ச ஒரே ஆள் அவர் தான். அதனால தாத்தா சொன்ன ஓட்டு 1947 ஓட்டா தான் இருக்கணும், வேற வருஷமா இருக்க வழியே இல்ல. "வெள்ளக்காரன் இருக்கும்போதே"ங்கிறதும் அச்சொட்டா பொருந்துது, சுதந்திரம் 1948 பெப்ரவரி 4 தானே, அதுக்கு ஒரு அஞ்சாறு மாசம் முந்தி நடந்த தேர்தல்.

காங்கிரஸ்ங்கிறது இலங்கை இந்தியர் காங்கிரஸ். 1939 ஜூலைல நேரு கொழும்புக்கு வந்தப்போ, இங்க உள்ள இந்திய வம்சாவளிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்ததுகள ஒண்ணா சேர்த்து ஆரம்பிச்சது. பேர்ல காங்கிரஸ்னு இருந்தாலும் உங்க ஊர் காங்கிரசோட கிளை இல்ல. அதோட தொழிற்சங்கம் தான் 1950ல இலங்கை தொழிலாளர் காங்கிரஸ்னு பேர் மாறிச்சு. 1947ல அவங்க 7 இடத்தில ஜெயிச்சாங்க. நுவரெலியாவில தொண்டமான், தலவாக்கலைல சி.வி., கொட்டகலைல குமாரவேலு, நாவலப்பிட்டில ராஜலிங்கம், மஸ்கெலியாவில மோத்தா, அப்புறம் ஊவா மாகாணத்துப் பக்கமும் இருந்தாங்க.

இப்ப அந்த ஓட்டு நாளைப் பத்தி. எங்க அப்பா சொல்லுவார், தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், உத்தரவில்லாம வெளியாள் தோட்டத்துக்குள்ள காலெடுத்து வைக்க ஏலாது, தோட்டம் தனியார் சொத்து பாருங்க. அதனால கூட்டம் எல்லாம் மெயின் ரோட்டோரம், பசார்ல, கோயில் திருவிழாவில. பிரட்டுக்களத்தில பேர் கூப்பிடுறப்போ மூச்சு விடமாட்டாங்களாம், மலைக்கு ஏறினதுக்கு அப்புறம் தான் கொழுந்துக் கூடைக்கு கூடை சேதி போகுமாம். தாத்தா கல்யாணச் சட்டை போட்டுக்கிட்டு போனேன்னு சொன்னாருன்னு எழுதியிருந்தீங்க, அத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வச்சிட்டேன். எங்க அப்பாவும் அதத் தான் சொல்லுவார், திருவிழாவுக்கு போற மாதிரி உடுத்துக்கிட்டு போனோம்னு. சம்பளம் கொடுக்கிற தொரையும் கொழுந்து எடுக்கிற ஆளும் ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு தான்ங்கிறது அந்தக் காலத்து லயத்தில எப்படி கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மாமா பாதி சரின்னு சொன்னேன்ல. அடுத்த வருஷமே புடுங்கினாங்க. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம். இங்க பொறந்திருந்தா மட்டும் போதாது, அப்பாவும் இங்க பொறந்திருக்கணும், இல்லாட்டி தாத்தாவும் பூட்டனும் இங்க பொறந்திருக்கணும், அதுக்கு அத்தாட்சி காட்டணும். தோட்டத்தில பொறந்ததுக்கு கணக்கப்பிள்ளை செக்ரோல்ல, அதாவது வேலையாள் பதிவேட்டில, அரைப்பேர் போட்டு வச்சிருந்தா அதுவே பெருசு, இதில பூட்டனுக்கு எங்க போய் சர்ட்டிபிகேட் எடுக்கிறது. அப்புறம் 1949ல, பிரஜை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லைன்னு தேர்தல் சட்டத்த திருத்தினாங்க. அவ்வளவு தான். 1952 தேர்தலுக்கு தலவாக்கலை தொகுதி அப்படியே இருக்கு, எல்லை மாறல, தோட்டம் மாறல, லயம் மாறல, வாக்காளர் இடாப்புல நம்ம ஆளுங்க பேரு தான் இல்ல. 1947ல 7 பேர அனுப்பின சனம் 1952ல ஒருத்தரையும் அனுப்ப ஏலாம போச்சு, 1956லயும் அதே கதி.


சிவகாசிக்காரன்:

நல்ல தகவல் ஐயா. ஆனா ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. தொகுதி காணாம போறது எல்லா ஊர்லயும் நடக்கறது தான. எங்க சிவகாசி எம்.பி தொகுதி 2009ல இருந்து கெடையாது, விருதுநகர்னு ஆயிருச்சு. பழனி போச்சு, பெரியகுளம் போச்சு, கோபிசெட்டிபாளையம் போச்சு, ராசிபுரம் போச்சு. யாரும் அழல. மறுசீரமைப்புன்னா கோடு மாறும், பேரு மாறும். தலவாக்கலைய தூக்கினதும் அப்படி ஒரு மறுசீரமைப்பா மட்டும் இருக்கலாம்ல, அத இன அநியாயத்தோட ஏன் முடிச்சுப் போடணும்? ஓட்டுரிமைய எடுத்தது தப்பு தான், அது வேற, தொகுதி போனது வேற, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்கன்னு சொல்ல வர்றேன்.


இடாப்பு:

சிவகாசிக்காரன் கேட்டது நல்ல கேள்வி, ஏன்னா ரெண்டும் வேற வேற தான், ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கு. தேர்தல் சட்டம் பத்தி கொஞ்சம் நோண்டுறவன்ங்கறதால இத விட்டுட்டு போக மனசு வரல.

சிவகாசி தொகுதிய எடுத்தப்போ உங்க பேரு விருதுநகர் பட்டியலுக்கு போச்சு, அங்க போய் ஓட்டு போட்டீங்க. தலவாக்கலைல ஆர்டர் தலைகீழ். முதல்ல வாக்காளர்கள எடுத்தாங்க, தொகுதிய பத்து வருஷம் அப்படியே வச்சிருந்தாங்க. அது எப்படி முடிஞ்சதுன்னா சோல்பரி அரசியலமைப்புல, அதாவது சுதந்திரம் வந்தப்போ இருந்த அரசியலமைப்புல, தொகுதி எண்ணிக்கைக்கு ஒரு ஃபார்முலா இருந்துச்சு. ஒரு மாகாணத்துல 75,000 சனத்துக்கு ஒரு உறுப்பினர், அதோட 1,000 சதுர மைலுக்கு ஒண்ணு கூடுதலா. கவனிங்க, 75,000 "சனம்", 75,000 வாக்காளர் இல்ல. பிரஜையா இல்லையாங்கற கேள்வியே அந்தக் கணக்குல கெடையாது. 1947 பாராளுமன்றத்துல 95 பேர் தெரிவு செஞ்சவங்க, 6 பேர் நியமனம். மலைநாட்டுக்கு கெடைச்ச எடங்கள்ல பலது தோட்டத்து தலைகள எண்ணி வந்தது தான், 1946 சென்ஸஸ்ல இந்தியத் தமிழர்னு பதிவானவங்களே 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நூத்துக்கு 11 பேருக்கு மேல.

அப்போ 1949ல ஓட்டை எடுத்தாச்சு, தலை எண்ணிக்கைல மட்டும் அவங்க இருக்காங்க. அதாவது தோட்டத்து ஆள் பேர்ல வந்த எம்.பி கதிரைக்கு, பக்கத்து கிராமத்துல இருக்குற கொஞ்சம் பேர் ஓட்டு போட்டு ஆள் அனுப்புறாங்க. தலவாக்கலை, கொட்டகலை மாதிரி சுத்தி சுத்தி தேயிலையே இருக்குற தொகுதில இது எவ்ளோ அபத்தம்னு சொல்லத் தேவையில்ல. எல்லைய உடனே மாத்தவும் முடியாது, எல்லை நிர்ணயம் சென்ஸஸுக்கு அப்புறம் தான், அதனால 1952லயும் 1956லயும் 1946ல போட்ட கோட்டுலயே தேர்தல் நடந்துச்சு.

நடுவுல ஒரு கூத்து. 1954 ஜனவரில நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பிரஜையா பதிஞ்ச இந்திய வம்சாவளியினருக்கு பத்து வருஷத்துக்கு தனி வாக்காளர் பட்டியல், நாடு முழுசுக்கும் சேத்து சில உறுப்பினர்கள்னு. அதுக்கு சட்டமும் வந்துச்சு, ஒரு தேர்தலும் நடக்கல. 1959ல அரசியலமைப்ப திரும்ப திருத்துனப்போ அதையும் கழட்டி போட்டுட்டாங்க. அந்த 1959 எல்லை நிர்ணயத்துல தான் 145 தொகுதி 151 உறுப்பினர்னு புதுசா வரைஞ்சாங்க, 1960 மார்ச் 19 தேர்தல் அந்த வரைபடத்துல. அதுல தலவாக்கலையும் இல்ல கொட்டகலையும் இல்ல. ஆனா மாகாணத்துக்கு எத்தனை உறுப்பினர்னு பாக்க மறுபடியும் மொத்த சனத்தொகை தான் கணக்கு, நாடற்றவங்களும் சேத்து. எண்ணுறதுக்கு வேணும், போடுறதுக்கு வேண்டாம். சிவகாசிக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்க தான்.

இன்னொண்ணு சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. இத கோர்ட்ல ஒருத்தர் எதிர்த்து நின்னாரு, கோடக்கான் பிள்ளை. ருவன்வெல்ல தொகுதிக்காரர், கேகாலை பக்கம். அந்தத் தொகுதி எம்.பி யாருன்னா என்.எம். பெரேரா, சமசமாஜிங்கற இடதுசாரிக் கட்சிக்காரர், அவர் கட்சியே இந்தச் சட்டத்த எதிர்த்தது தான். கோடக்கான் பிள்ளை, என் பேர இடாப்புல சேருங்கன்னு கேட்டாரு. பட்டியல் திருத்துற அதிகாரி என்ன செஞ்சாருன்னா, அரசியலமைப்போட 29ஆம் பிரிவு ஒரு சமூகத்த மட்டும் பாதிக்குற சட்டம் போடக்கூடாதுன்னு சொல்லுது, அதனால இந்தச் சட்டங்களே செல்லாதுன்னு சொல்லி பேர சேக்க உத்தரவு போட்டுட்டாரு. யோசிச்சுப் பாருங்க, வாக்காளர் பட்டியல சரி பாக்க ஒக்காந்த ஒரு அதிகாரி பாராளுமன்றம் போட்ட சட்டத்தையே செல்லாதுங்கறாரு. 1951ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவ ரத்து பண்ணுச்சு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1953ல அங்கயும் தோத்துட்டாரு. யார் தன் பிரஜைன்னு தீர்மானிக்கறது ஒரு நாட்டு சட்டசபையோட இயல்பான வேலை, சட்டத்துல எந்த சமூகத்து பேரும் எழுதலையேன்னு முடிச்சுட்டாங்க. எழுதல தான். பூட்டன் எங்க பொறந்தாருன்னு கேட்டா போதுமே, பேரு எதுக்கு எழுதணும்.


வடலி:

எல்லாரும் சிங்களத் தலைவர்மாரைப் பற்றியே கதைக்கிறியள், எங்கட பக்கத்தையும் சொல்லத்தானே வேணும். நான் யாழ்ப்பாணம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு எங்கட பக்கத்துத் தமிழ்க் காங்கிரஸ், அது வேற கட்சி, எதிராத்தான் வாக்குப் போட்டது. பிறகு அதின்ர தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே வருசம் மந்திரியாப் போனார், 1949ல இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்த நேரம் அரசாங்கத்தோட நிண்டு ஆதரிச்சவர். அதிலதான் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் பிரிஞ்சு வெளிய வந்து 1949 டிசம்பர்ல தமிழரசுக் கட்சி துவங்கினவை. எங்கட ஊரில இண்டைக்கும் ஜி.ஜி.க்கு வக்காலத்து வாங்கிற ஆக்கள் இருக்கினம், ரெண்டும் வேற வேற சட்டம், அவர் ஆதரிச்சது குடியுரிமை குடுக்கிற சட்டத்தையெண்டு. அது எழுத்தில சரிதான். ஆனா அந்தச் சட்டம் எப்பிடி குடுத்ததெண்டு பாக்க வேணும். கலியாணம் முடிச்ச ஆளெண்டா 7 வருசம், முடிக்காத ஆளெண்டா 10 வருசம் தொடர்ந்து இருந்ததுக்கு அத்தாட்சி, அதுவும் 1946க்கு முன்னம் உள்ள வருசங்களுக்கு. மனுப் போட ரெண்டு வருசம் மட்டும் தவணை. 8 லட்சம் பேருக்கு மேல கேட்டவை, கடைசியில கிடைச்சது ஒண்டரை லட்சம் பேருக்கும் குறைவு.

ஊருக்குப் போய் ஆச்சி அப்புவைப் பாத்திட்டு வந்தால் "தொடர்ச்சி அறுந்து போச்சு" எண்டு தள்ளின மனுக்களும் இருக்கு. திருச்சியில கொள்ளி வைக்கப் போன மகனுக்கு அதால குடியுரிமை இல்லை.


வட்டகொடை வாத்தியார்:

வடலி தம்பி, நீங்களே சொன்னது பெரிய விஷயம், நன்றி. ஆனா எங்க ஆளுங்க பக்கமும் ஒரு பிழை இருக்கு, அதையும் சொல்லணும். அந்த 1949 சட்டத்துக்கு மனுப் போடாதீங்கன்னு இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதல்ல பகிஷ்கரிப்பு செஞ்சது. கோவத்தில எடுத்த முடிவு, நியாயமான கோவம், ஆனா இருந்ததே ரெண்டு வருஷத் தவணை, அதில பாதிக்கு மேல வீணாப் போச்சு. அப்புறம் மனச மாத்திக்கிட்டு மனுப் போடுங்கன்னு சொன்னப்போ லட்சக்கணக்கில ஒரே நேரத்தில குவிஞ்சிருச்சு. எங்க அப்பா அந்தச் சின்ன வயசில லயத்து லயமா போய் மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தவர். கேள்வி எல்லாம் இங்கிலீசில, பதில் சொல்றவருக்கு தன் வயசே தெரியாது. "பெரிய மழ பேஞ்சு மண் சரிஞ்சிச்சே, அந்த வருஷம் நான் தவழ்ந்தேன்"னு சொன்னா எந்த வருஷம்னு எழுதுறது. எங்க அப்பா தேர் திருவிழா, கொள்ளை நோய், தொரை மாறின வருஷம்னு வச்சு கணக்குப் போட்டு எழுதுவாராம். அப்படி எழுதின பாரத்தில எத்தனை வருஷம் பிழையா விழுந்து எத்தனை பேர் கப்பல் ஏறினாங்களோன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

1952ல சத்தியாக்கிரகமும் செஞ்சாங்க. ஏப்ரல் கடைசில தொடங்கி 140 நாளுக்கு மேல கொழும்பில உக்காந்தாங்க, பிரதமர் ஒஃபீசுக்கு முன்னால. நடுவில மே மாசம் தேர்தலே முடிஞ்சு போச்சு. டட்லி சேனநாயக்க ஜெயிச்சு வந்தார். தலவாக்கலைக்கும் ஒரு எம்.பி வந்தார், அவர சொல்லி குத்தமில்ல, சட்டப்படி தான் வந்தார். ஆனா தோட்டத்தில தண்ணி வரலைன்னா, பள்ளிக்கூடத்துக்கு கூரை ஒழுகினா, அவர்கிட்ட போய் நிக்க நம்ம ஆளுங்களுக்கு முகம் இல்ல. நீ எனக்கு போட்ட ஓட்டு எங்கன்னு கேக்க வேண்டியதில்லையே, ரெண்டு பேருக்கும் தெரியும்.

கூடலூர் மகளுக்கு இன்னொரு விஷயம். சித்தப்பா பையன் பாத்த "நுவரெலியா-மஸ்கெலியா" இருக்கே, அது 1976 எல்லை நிர்ணயத்தில வந்தது. அங்கங்க கெடந்த தோட்டத்து ஓட்ட எல்லாம் ஒரே தொகுதிக்குள்ள சேர்த்து மூணு அங்கத்தவர் தொகுதியா ஆக்கினாங்க. 1977ல அதில காமினி திசாநாயக்க முதலாவது, அனுர பண்டாரநாயக்க ரெண்டாவது, தொண்டமான் மூணாவது. 1947க்கு அப்புறம் மலையகத் தமிழர் ஒருத்தர் ஓட்டு வாங்கி பாராளுமன்றம் போனது அப்பத்தான். இடையில 1960ல இருந்து தொண்டமானுக்கு நியமன எம்.பி பதவி கெடைச்சிருக்கு, ஆனா நியமனம் யாரோ கொடுக்கிறது. 30 வருஷம் மகள். ஒரு ஆள் 21 வயசில ஓட்டு போட்டுட்டு அடுத்த ஓட்டுக்கு 51 வயசு வரைக்கும் காத்திருக்கிறது. அதுவும் பிரஜாவுரிமை கெடைச்ச ஆளுக்குத்தான்.


சிவகாசிக்காரன்:

இடாப்பு அண்ணன் சொன்ன அந்த "எண்ணுறதுக்கு வேணும் போடுறதுக்கு வேண்டாம்" எடத்துல தான் எனக்கு புரிஞ்சுச்சு. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ஒரே ஒரு கேள்வி, அப்புறம் ஏன் இவ்ளோ அவசரம்? சுதந்திரம் வாங்கி ஒம்பது பத்து மாசத்துலயே ஏன் இந்த வேல?


இடாப்பு:

1947 ரிசல்ட்ட பாத்தீங்கன்னா பதில் அதுலயே இருக்கு. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவோட யூ.என்.பி கட்சிக்கு 95ல 42 தான், பெரும்பான்மை இல்ல. இடதுசாரிகள் மூணு கட்சியும் சேந்து 18. தோட்டத்து ஓட்டு இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 7 எடம் குடுத்ததோட நிக்கல, காங்கிரஸ் ஆள் நிக்காத தொகுதிகள்ல இடதுசாரிக்கு விழுந்துச்சு. கண்டிச் சிங்களத் தலைவர்களுக்கு இந்தியர் ஓட்டு நம்ம மலைய விழுங்கிரும்ங்கற பயம் 1928, 1931ல எல்லாருக்கும் ஓட்டுன்னு டொனமூர் கமிஷன் சொன்ன நாள்ல இருந்தே இருக்கு. 1936ல ஹட்டன்ல தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ஜெயிச்சு அரசாங்க சபைக்கு (அப்போதைய சட்டசபை) போயி, தொரைமார எப்படி வாங்கு வாங்குன்னு வாங்குனாருன்னு பழைய ஆட்கள கேளுங்க. அதனால பயம் பழசு, 1947 அதுக்கு சாக்கு. பிரதமருக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, கண்டித் தலைவர்களுக்கு சந்தோஷம், சிவப்புக் கட்சிக்கு ஓட்டு குறைவு.

என்னோட கருத்து என்னன்னா வெறும் இனம்னு மட்டும் பாத்தாலும் தப்பு, வெறும் வர்க்கம்னு மட்டும் பாத்தாலும் தப்பு. கொழும்பு பெரிய யாவாரிகள் இருந்தாங்களே இந்தியர்ல, அவங்களுக்கும் இதே சட்டம் தான், ஆனா அவங்ககிட்ட கணக்குப் புத்தகம், வீட்டுப் பத்திரம், வக்கீல் எல்லாம் இருந்துச்சு. லயத்துல இருந்தவனுக்கு வீடே தொரையோடது.


கூடலூர்ப் பேத்தி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வாத்தியார் ஐயா எழுதினத அப்படியே சத்தமா மாமாவுக்கு ஃபோன்ல படிச்சுக் காமிச்சேன். பூட்டன் எங்க பொறந்தாருங்கற எடத்துல மாமா "இரு இரு"ன்னுட்டு, எங்கப்பன் இதுக்கு தான் புதுக்கோட்டை பக்கம் ஊர் பேரு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அங்க போய் பாக்கணும்னு, நாங்க சொத்து ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சோம்னாரு.

இன்னொரு கணக்கும் சரியாயிருச்சு. எங்க பெரியத்தை 1948 ஜனவரில பொறந்தவங்கன்னு பாஸ்போர்ட்ல இருக்கு. பாட்டி அஞ்சு மாசம்னு தாத்தா சொன்னதுக்கு 1947 செப்டம்பர் கரெக்டா வருது. ஆக வயித்துல இருந்த புள்ளையோட தேதி தான் தாத்தாவுக்கு சாட்சி சொல்லிருக்கு, பெரியத்தைகிட்ட சொன்னேன், "நானும் தான் ஓட்டுப் போட்டிருக்கேன்"ங்கறாங்க, 71ல அவங்களும் அதே கப்பல்ல தான் வந்தாங்க.

தாத்தா அடுத்த ஓட்டு எப்ப போட்டாருன்னு பெரியத்தைய கேட்டேன். இங்க வந்த புதுசுல ரேஷன் கார்டு வாங்கவே ரெண்டு வருஷம் அலையவிட்டாங்களாம், பட்டியல்ல பேரு வர அதுக்கும் மேல ஆச்சாம், அதனால கூடலூர்ல மொத ஓட்டு 1977லயாம். வாத்தியார் ஐயா சொன்ன அதே 30 வருஷம். அன்னைக்கும் வெள்ளச் சட்டை தேடுனாராம், பழைய சட்டை மண்டபம் கேம்ப்லயே தொலைஞ்சு போச்சு, பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட எரவல் வாங்கி போட்டுக்கிட்டு, கை நீளம் ஜாஸ்திங்கறதால மடிச்சு விட்டுட்டு போனாராம்.

ஐயா ஒரே ஒரு உதவி. தோட்டத்து பேரு தாத்தா "மேமல டிவிஷன்"னு மட்டும் தான் சொல்வாரு, பெரியத்தைக்கும் அதுக்கு மேல தெரியல. வட்டகொடை ஸ்டேஷன்ல இருந்து நடந்தா ஒரு மணி நேரம், போற வழில ஒரு பெரிய அருவி சத்தம் கேக்கும்பாங்களாம். அது எந்தத் தோட்டமா இருக்கும்?


வட்டகொடை வாத்தியார்:

மேமலைன்னு அநேகமா எல்லாத் தோட்டத்திலயும் ஒரு டிவிஷன் இருக்கும் மகள், மேல்மலைங்கிறது தான் அப்படி ஆயிருச்சு. அருவி சத்தத்த வச்சும் சொல்ல ஏலாது, இந்தப் பக்கம் எங்க நின்னாலும் ஏதாவது ஒரு தண்ணி விழுற சத்தம் கேக்கும். தோட்டத்து கோயில் என்ன சாமின்னு பெரியத்தைகிட்ட கேளுங்க, முனியாண்டியா மாரியம்மனா ரோதமுனியா, தேர் எந்த மாசம்னு. பக்டரி கோயிலுக்கு மேல இருந்ததா கீழ இருந்ததா, அதையும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை நானும் ரெண்டு பழைய ஆட்களோட போய் விசாரிக்கிறேன்.